தோளைத் தொட்டால்தான் எழும்

கல்குவாரியில் உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குப் பாறையில் துளைபோடும் வேலை. கொஞ்சம் தளர்ந்தவனுக்குக் கல் சுமக்கும் வேலை. எதற்கும் ஆகாமல் போனவனுக்குக் கொடி. கொடிக்காரர் முதல் வேலையிலிருந்து நேராக மூன்றாவதற்கு வந்தவர். துளைபோடும் இயந்திரம் சரிந்து அவருடைய இடது முழங்காலை நசுக்கிய பிறகு, வீட்டுக்கு அனுப்பினால் வழக்கு கிழக்கு என்று போய்விடுவார் என்று பயந்துபோய், கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்துப் பள்ளத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

கேட்பவர்களுக்கு அது வேலையாகவே தோன்றாது. பாறையில் வெடிமருந்து வைத்த நாட்களில் சங்கு ஊதியதும் கொடியை உயர்த்த வேண்டும். கொடி மேலே இருக்கும்வரை லாரி, ஆள், ஆடு எதுவும் உள்ளே போகக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் வெடிக்காரர் திரிக்கு நெருப்பு வைப்பார். வெடித்து முடிந்து மறுபடி சங்கு ஊதும்வரை கையை இறக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையில் எத்தனை உயிர் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். சம்பளம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

நாய் அவரிடம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் வெள்ளை, பிறவிச் செவிடு. காதருகே தகரத்தைத் தட்டினாலும் திரும்பாது. என்ன சொன்னாலும் காதில் விழாததால் குவாரி ஆட்கள் அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையான முதலாளி வரும் நாளில் மட்டும் அந்தப் பெயரை எல்லாரும் விழுங்கிவிடுவார்கள்.

செவிட்டு நாய்க்குக் குவாரி எமன் வாய். பின்னால் வரும் டிப்பர் லாரியின் சத்தம் அதற்குக் கேட்காது. இரண்டு முறை சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. இரண்டாவது முறை, அதைக் காப்பாற்ற வண்டியை ஒடித்த டிரைவர் பாறையில் மோதி விளக்கை உடைத்துக்கொண்டார். மேலாளர் கொடிக்காரரைக் கூப்பிட்டார்.

“யோவ், உன் நாய்க்காக நான் லாரிக்கு விளக்கு வாங்கிட்டிருக்க முடியாது. ஒண்ணு அதை அடக்கு. இல்லன்னா ஆளை வெச்சு முடிச்சிடுவேன்.”

அன்று மாலையே பாடம் ஆரம்பமானது. காது இல்லாத பிராணிக்குக் கண்ணால்தான் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். அவர் கையில் இருந்தது கொடி. வேறு எதைத் தேடப் போகிறார்?

கொடியைத் தூக்குவார், முதுகை அழுத்திப் படுக்க வைப்பார், ஒரு துண்டு ரொட்டி. பக்கத்தில் இருக்கும்போது சீக்கிரமே பிடித்துக்கொண்டது. தூரம் போனதும்தான் வம்பு. கொடியைத் தூக்கினால் படுக்கும், ஆனால் அவர் காலடிக்கு ஓடிவந்து படுக்கும். லாரிக்கு முன்னால் நிற்கும் நாய் அங்கேயே படுத்தால்தானே டிரைவர் பார்த்து ஒதுங்கிப் போக முடியும்? அதனால் அதன் பின்னால் ஒரு முளை அடித்து, கயிற்றை அதில் கட்டிவிட்டு எதிரே போய் நின்றார். ஓடிவரப் பார்க்கும், கயிறு இழுக்கும், வேறு வழியில்லாமல் நின்ற இடத்திலேயே படுக்கும். நொண்டிக்கொண்டே அங்கு வரை போய் ரொட்டி கொடுப்பார். நாளுக்கு நாள் தூரம் கூடியது. பிறகு கயிறு போயிற்று.

எழுப்புவதற்கு முதலில் கையசைத்துப் பார்த்தார். அது உதவவில்லை. யார் கையசைத்தாலும் நாய் எழுந்தது. அதனால் அந்தப் பழக்கத்தை வெட்டிவிட்டார். அவரே போய்த் தோளைத் தொட்டால்தான் எழ வேண்டும். கையசைத்தார், ரொட்டியை வீசினார், கல் உடைக்கும் கிரஷரில் சல்லி தள்ளும் தன் மனைவியை அதன் முன்னால் ஓடச் சொன்னார். அசைந்தால் ரொட்டி கிடையாது.

“படுக்க மட்டும் சொல்லிக்குடுத்தா ஆச்சா? தூரத்துல இருந்தே எழுப்பறதுக்கும் ஒண்ணு சொல்லிக்குடுங்க” என்றாள் அவள், மூச்சு வாங்க.

“ஓடறதுக்கு நாய்க்கு வாத்தியார் வேணுமா? சும்மா கிடக்கறதுதான் அதுக்குத் தெரியாது.”

“என்னமோ போங்க. நான் சொல்லி எதைக் கேட்டிருக்கீங்க.”

மேலாளர் ஒருநாள் சோதித்தார். பள்ளத்தின் அந்தக் கோடியில் நாய், இந்தக் கோடியில் கொடி. கொடி ஏறியது, நாய் தரையோடு தரையாக ஒட்டியது. உள்ளே இருந்த ஒரு லாரி அதன் பக்கத்தில் ஊர்ந்து போயிற்று. அது கொடியிலிருந்து கண்ணைக் கூட எடுக்கவில்லை. “நம்ம ஆளுங்களை விட ஒழுங்கா இருக்கே” என்றார் மேலாளர். கொடிக்காரர் அன்று வீட்டுக்குப் போகும்போது நொண்டுவதையே மறந்தார். கால் போன பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வெடி வைக்கும் நாட்களில் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போதே நாயைக் கட்டிவிட்டு வருவார். வெடி எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அதனால் வெடிக்கு ஏறும் கொடியை நாய் பார்த்ததே இல்லை. இரண்டு வேலைக்கும் ஒரே கொடி என்பது அவர் மண்டையில் உறைக்கவும் இல்லை.

அன்று வானம் மூடிக்கொண்டு வந்தது. நனைந்தால் மருந்து வீணாகும் என்று வெடிக்காரர் அவசரப்பட்டார். சாப்பாட்டுக்கு முன்பே சங்கு ஊதினார்கள். நாய் கிரஷர் பக்கம் மனைவியோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொடிக்காரர் கொடியைத் தூக்கினார். வெடிக்காரர் திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓடிவந்து இரும்புத் தகட்டின் பின்னால் பதுங்கினார்.

அப்போது கிரஷர் பக்கச் சரிவில் வெள்ளையாக ஒன்று இறங்கியது. சாப்பாட்டு நேரம் அதற்குத் தெரியும். அவரைத் தேடி வருகிறது. நல்ல ஓட்டம். அப்படியே வந்திருந்தால் திரி எரிந்து முடிவதற்குள் அவர் காலடிக்கு வந்து சேர்ந்திருக்கும். பள்ளத்தின் நடுவில் அது தலையைத் தூக்கியது. கொடியைப் பார்த்தது. படுத்தது.

இந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் அங்கே போய்த் தொட்டுத் திரும்ப நேரமில்லை. கொடியை இறக்கிவிட்டார். கையசைத்தார், குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார், மடியில் இருந்த ரொட்டியை எறிந்தார். எதற்கெல்லாம் அசையக் கூடாது என்று பழக்கினாரோ அத்தனையையும் செய்தார். நாய் வாலை மட்டும் ஆட்டியது. கடைசியில் தன் தோளையே தட்டிக் காட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. சந்தேகத்தோடு முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது.

அவருக்குப் பின்னால் இன்ஜின் உறுமியது. வரிசையில் நின்ற டிப்பரின் டிரைவர் கொடி இறங்கியதைத்தான் பார்த்தார். வெடி முடிந்ததா இல்லையா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? வண்டி வாசலைத் தாண்டப் போயிற்று. உள்ளே டிரைவரும் கிளீனரும். கத்தினால் கேட்காது.

கொடிக்காரர் எழுந்து நின்று கொடியைத் தூக்கினார்.

லாரி குலுங்கி நின்றது. நாயும் படுத்தது. இந்த முறை தாடையைக் கூடத் தரையில் வைத்துக்கொண்டது. சந்தேகம் தீர்ந்தது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி சங்கு ஊதும்வரை அவர் கையை இறக்கவில்லை. தூசி அடங்கியதும் வெடிக்காரர் வந்து அவர் பக்கத்தில் நின்றார். “வண்டியில ரெண்டு பேர் இருந்தாங்கண்ணே. நீங்க செஞ்சதுதான் சரி.” கொடிக்காரர் கற்களுக்கிடையே நொண்டி நொண்டிப் போனார். அது படுத்த இடத்திலேயே இருந்தது; பாதிக்கு மேல் கல் மூடியிருந்தது. குனிந்து, வெளியே தெரிந்த தோளைத் தொட்டார்.

மாலையில் மனைவி சோறு போட்டு வைத்தாள். முன்பு சொன்னதை அவள் சொல்லிக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“ஓடி வரவே இல்லையா அது?”

“எழுந்துச்சு. நான்தான் மறுபடி படுக்கச் சொன்னேன்.”

அவள் நாயின் தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள்.