திருவக்கரையில் எடுத்த புலிப்பல்

நாக்கில் வைத்தால் சில்லென்று இருக்கும். கொஞ்சம் மண் ருசி, கொஞ்சம் துரு ருசி. சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூராக, பழுப்பாக இருந்த அந்தக் கல்லை நான்காம் வகுப்பு விடுமுறையில் திருவக்கரையில் எடுத்தேன். காளி கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, கல்லாகிப்போன மரங்கள் பொட்டலில் படுத்துக் கிடக்கும். கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், எதையும் எடுக்கக் கூடாது என்றது பலகை. அம்மாவோ, அதெல்லாம் காளியம்மன் கொன்றுபோட்ட வக்கிராசுரனின் எலும்பு, மிதிக்காமல் நட என்றாள். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. அந்த வாரம்தான் டிவியில் டைனோசரைப் பார்த்திருந்தேன். இது அதன் பல்லேதான் என்று முடிவுகட்டி, யாரும் பார்க்காமல் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். ஊர் திரும்பிய சில நாளில் கல் அப்பாவின் கண்ணில் பட்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். திருட்டுப் பட்டம் வந்துவிடுமே என்ற பயத்தில், மலையடிவாரத்தில் கிடந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "இது புலிப்பல்லு கண்ணு. அந்தக் காலத்துல நம்ம மலைல புலி ஜாஸ்தி" என்றார்.

எங்கள் வீட்டில் "அந்தக் காலம்" என்பது ஒன்றே ஒன்றுதான். தாத்தாவின் கல்யாணம், மலை நெருப்பாக நின்றது, வெள்ளைக்காரன் ஆண்டது எல்லாம் அதற்குள் அடக்கம். அங்கே புலியும் டைனோசரும் அசுரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களா, யாரை யார் தின்றார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று தலையில் குட்டு விழும்.

தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு மாதமாகத் தூக்கத்தில் வீறிட்டு எழுந்து அழுதுகொண்டிருந்தான். "பயந்த கோளாறு" என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயும், மந்திரித்தும் நிற்கவில்லை. ஆட்டோ ஓட்டிய அப்பா தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடுதான் வண்டி எடுப்பார். புலிப்பல் கட்டினால் குழந்தை பயப்படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைக்கே அப்பா அந்தக் கல்லைக் கறுப்புக் கயிற்றில் இறுகச் சுற்றித் தம்பியின் இடுப்பில் கட்டிவிட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்லாக இருந்தால் பரவாயில்லை. அம்மா சொன்னபடி அசுரன் எலும்பாக இருந்துவிட்டால்? நானே அல்லவா கொண்டுவந்து தம்பி இடுப்பில் ஏற்றியிருக்கிறேன். அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனோ அழாமல் அசந்து தூங்கினான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்று நாளுக்குமேல் தாங்காமல், ஒரு மத்தியானம் அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், தம்பியின் இடுப்புக் கயிற்றில் கை வைத்தாள். அவிழ்த்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் அப்பா, ஒரு மாதத்துக்குப் பிறகு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள்.

"புலிப்பல்லாவே இருக்கட்டும். அப்பா கிட்ட சொல்லிடாத" என்றாள்.

நான் சொல்லவே இல்லை. அப்பாதான் சும்மா இருக்கவில்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமும் ஸ்டாண்டில் நிற்கிறவர்களிடமும், தன் மகள் மலையில் புலிப்பல் கண்டெடுத்த பெருமையை ஆண்டுக்கணக்காகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்று தம்பி சென்னையில் வேலையில் இருக்கிறான். அந்தக் கயிறு எந்தக் குளியலில் அறுந்ததோ, கல் போன இடம் தெரியாது. அப்பா போயும் நான்கு வருடமாகிறது. இந்த மலையில் புலி இருந்ததா, இருந்தால் எப்போது என்று இத்தனை படித்தும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் முன்பின் தெரியாத இளைஞர். என்னை வெளியூர் என்று எண்ணி மலையைக் காட்டினார். "இங்க புலி இருந்துச்சுங்க. அடி அண்ணாமலைல ஒரு பொண்ணுக்குப் பல்லே கிடைச்சிருக்கு. எங்க ஸ்டாண்டுல முன்ன இருந்த பெரியவர் ஒருத்தர் சொல்வாருங்க" என்றார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தப் பெரியவர் பொய்யராகிவிடுவார்.

"ஆமாங்க" என்றேன். "எங்கப்பாவும் சொல்லியிருக்காரு."