தகரக் கதவின் தாழ்ப்பாள்

தெருவில் எல்லோருக்கும் அவள் பிளாஸ்திரி அக்கா. அறுந்த செருப்பு வார், உடைந்த மூக்குக் கண்ணாடி, விரிசல் விட்ட வாளி என்று எதைக் கண்டாலும் கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிவிடுவாள். புருஷன் போன பிறகு ஆறு மாதப் பயிற்சி எடுத்துக்கொண்டு, இருபத்தேழு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் கைவந்த வேலை. அழுகிற வீட்டில் கூடச் சேர்ந்து அழுவது மட்டும் அவளுக்கு வராது.

அந்த மழைக்காலத்தில் அவள் மேஸ்திரி வீட்டில் இருந்தாள். மேஸ்திரிக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு தப்பித்திருந்தது, கொஞ்சம் தாராளமாகவே. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி அந்த வீட்டைத் தன் கையால் கட்டியவர் அவர். வெட்டிய மண் சரியாமலிருக்க, பின்புறம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர். மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற, அதில் வரிசையாகக் குழாய்கள். வாசலிலிருந்து தெருவுக்கு அறுபத்திரண்டு படி. மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் மருமகள் மட்டும்.

மழை பிடித்து நாலாம் நாள் மரக்கதவெல்லாம் நிலையில் இறுகிக்கொண்டன. மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் கதவு ஊதாது? மருமகள் ஓரத்தில் சோப்பைத் தேய்த்தாள், இடுப்பால் இடித்துத் திறந்தாள். மேஸ்திரியின் அறைச் சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல். அக்கா வழக்கம்போலக் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டினாள். அப்படியே சுவருக்கு ஓர் ஊசியும் போட்டுவிடச் சொல்லி மேஸ்திரி சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மூத்திரப் பையைக் காலி செய்யக் குளியலறைக்குப் போனாள். அங்கே இரும்புச் சட்டத்தில் அடித்த தகரக் கதவு. சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துளைக்குள் போகவில்லை. முந்தின நாள் போயிருந்தது. குனிந்து பார்த்தாள். துளை ஒரு விரல் கீழே இறங்கி நின்றது.

மரம் ஊதும். தகரம் ஊதாதே.

அறைக்கு வந்து சுவரைப் பார்த்தாள். நேற்று ஒட்டிய பிளாஸ்திரி முறுக்கிக்கொண்டு பாதி கிழிந்திருந்தது. விரிசலில் அவள் சுண்டுவிரல் நகம் நுழைந்தது.

மருமகளிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனால் மாமனாரை யார் அசைப்பது? போன வருடமும் இப்படித்தான் பயந்து அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கல்கூட விழவில்லை. மூன்று நாள் வெறும் தரையில் படுத்து அவருக்கு முதுகில் புண் வந்ததுதான் மிச்சம். அக்கா மேஸ்திரியிடமே போய்க் கிளம்பலாம் என்றாள்.

"உனக்கு உடம்பு தெரியும், பிளாஸ்திரி. எனக்கு மண்ணு தெரியும். போய் காப்பி போடு."

"மண்ணு தெரியும்ல, அப்ப இதைச் சொல்லுங்க. குளிக்கிற ரூம் தகரக் கதவு ஏன் தாழ்ப்பாள்ல சேரலை?"

மேஸ்திரி சுவரிலிருந்த விரிசலைப் பார்த்தார். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தள்ளியிருக்கு?"

"ஒரு விரல்."

"தடுப்புச் சுவத்துக் குழாய்ல தண்ணி வருதா, பாரு."

அவள் பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "நேத்து சேறா கொட்டுச்சு, ஐயா. இப்ப ஒரு சொட்டு இல்லை."

இத்தனை மழையில் குழாய் வற்றினால் அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உள்ளே நிற்கும் தண்ணீர் மண்ணைக் கூழாக்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும். இதை அவளுக்கு யாரும் விளக்கவில்லை. மேஸ்திரி இடது கையால் கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்ததே போதுமாக இருந்தது.

"பெட்ஷீட்டை எடு," என்றார்.

மருமகள் ஜன்னல் வழியே கத்தினாள். கீழ்வீட்டு டெய்லரும் அவர் தம்பியும் ஓடிவந்தார்கள். வாசல் கதவு அசையவில்லை. டெய்லர் வெளியிலிருந்து கடப்பாரையால் நெம்பினார். அதற்குள் அக்கா மேஸ்திரியைப் புரட்டி, இரட்டைப் பெட்ஷீட்டை அடியில் விட்டு, ஓரங்களைக் கைப்பிடிபோலச் சுருட்டிவிட்டாள். மூத்திரக் குழாயைக் கவ்வியால் அடைத்து, வெறும் பையை அவர் வயிற்றின்மேல் வைத்தாள். கதவு பிளந்து திறந்ததும் தலைமாட்டை ஆண்கள் பிடித்தார்கள், கால்மாட்டைப் பெண்கள்.

படியில் தண்ணீர் ஓடியது. அவள் எண்ணிக்கொண்டே இறங்கினாள். இருபதில் கால் வழுக்கி முழங்கால் அடிபட்டது. பிடியை விடவில்லை. முப்பத்தைந்தில் மருமகள் நின்றுவிட்டாள்.

"அக்கா, மாமா மாத்திரை டப்பா."

"கையை விட்டா மாமாவே இல்லை. நட."

நாற்பதைத் தாண்டியதும் சிறு கற்கள் அவர்களைத் தாண்டி உருண்டு போயின. மேலிருந்து யாரோ எறிவதுபோல, ஒன்று, பிறகு மூன்று. காலடியில் படி அதிர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ஷீட்டுக்குள் மேஸ்திரி கண்ணை இறுக மூடியிருந்தார். அவள் எண்ணிக்கை தப்பிவிட்டது.

தெருவைத் தொட்டு, வளைவைத் தாண்டி, டெய்லர் கடையைக் கடந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. நூறு லாரி ஒரே நேரத்தில் ஜல்லி கொட்டியதுபோல. பிறகு மழைச் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தபோது வீட்டின் முன்சுவர் மட்டும் நின்றது. அதன் ஜன்னல்கள் வழியே சேறு வழிந்துகொண்டிருந்தது. படிகளின் நடுவில், தாழ்ப்பாள் மேலே தெரிய, தகரக் கதவு கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் வேலை இரண்டு மெத்தை தேடியது. மேஸ்திரியின் ஈரத்துணியை மாற்றி, உடம்பைத் துடைத்து, முதுகைப் பார்த்தாள். பிறகுதான் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தன் முழங்காலில் ஒட்டினாள்.

"தடுப்புச் சுவர் நின்னுச்சா?" மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்.

"நிக்கலை."

"என் ரூமு?"

"அதுலதான் விழுந்துச்சு."

வெளியே மழை வலுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் ஒரு மேடு இருந்தது. அக்கா எழுந்து போய் அந்த வகுப்பறைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்தாள். சேர்ந்தது. திரும்பி வந்தாள்.

"முதுகு சிவந்திருக்கு, ஐயா. இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."