நார்ப் சபோலும் எமிலின் பக்கத்து சீட்டும்

நார்பர்ட் சபோல் வண்டிகளுக்கு சைலன்சர் மாட்டுகிறவர். ஏரிக்கரையில், மூடிக் கிடக்கும் உருக்காலைக்குப் பின்னால் அவருடைய கடை. ஒஹையோவின் பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு சைலன்சர்களை அரித்துத் தின்றுவிடுவதால் வேலைக்குக் குறைவில்லை. ஊரிலுள்ள வண்டிகளின் சத்தத்தையெல்லாம் அடக்குகிற மனிதரின் வாயை அடக்க மட்டும் யாராலும் முடிந்ததில்லை. அவர் மனைவி ரோஸ்மேரி முதல் இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டுத் தோட்டவேலையில் இறங்கிவிட்டாள்.

நார்ப்பின் கண்ணுக்கு மனிதர்கள் இரண்டு வகை. ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால், தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. எங்கள் அணியின் முதலாளி, பயிற்சியாளர், நடுவர்கள், டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள், பாதிரியார் எல்லோரும் இரண்டாவது வகையில் அடக்கம். எங்கள் அணியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது தோற்கும். எப்படித் தோற்கும் என்பதில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் புதுமை செய்யும். அதனால் நார்ப் சொல்வது பெரும்பாலும் பலித்துவிடும். தோற்கிற அணியைப் பார்த்துத் தோற்கும் என்று சொல்ல என்ன பெரிய ஞானம் வேண்டும்? ஆனாலும் அவர் அதை ஞானம் என்றே நம்பினார்.

இந்த மனிதரைச் சகித்துக்கொண்ட ஒரே ஆள் எமில் துரிக். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மெல்லப் பேசுகிறவர். மைதானத்தில் எமிலின் அப்பா விட்டுப்போன இரண்டு சீட்டுகள் அவர் பெயரில் இருந்தன. ஒவ்வொரு மே மாதமும் புதுப்பித்துக்கொண்டால் ஆயுள் முழுக்க உட்காரலாம். அந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் வரிசை சுடுகாடு வரை நீளும். இரண்டாவது சீட்டில் முதலில் எமிலின் மனைவி மார்லின் உட்கார்ந்திருந்தாள். ஒரு டிசம்பரில், ஏரிக்காற்று ஐஸை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, பாதி ஆட்டத்தில் எழுந்து போனவள் பிறகு மைதானம் பக்கமே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நார்ப் போய் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. சில வருஷம் கழித்து மார்லின் வீட்டையும் விட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். நார்ப் எழுந்திருக்கவில்லை.

அந்த சீட்டு இல்லாத நார்ப்பை யோசித்துப் பார்க்க முடியாது. வாரம் முழுக்க வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மேலிருந்து கீழே பார்க்கக் கிடைத்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, பக்கத்தில் எமில் தலையாட்ட, மூன்று மணி நேரம் அவர் திட்டித் தீர்ப்பார்.

போன ஏப்ரலில் டிராஃப்ட் நடந்தது. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுத்துக்கொள்கிற நாள் அது. கேவலமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை என்பதால் நாங்கள் எப்போதும் வரிசையின் முன்னால்தான் நிற்போம். இந்த முறை எங்கள் அணி ஓர் ஓட்டக்காரனை எடுத்தது. டரியஸ் பெட்டிகுரு என்று பெயர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளிகளைக் கிழித்துக்கொண்டு ஓடுவதுதான் அவன் வேலை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரின் ஸ்லோவாக் வம்சத்தார் நடத்துகிற மன்றத்தில் மீன் வறுவல் சாப்பாடு. மதியமே கூட்டம் கூடிவிட்டது. காப்பீட்டு ஏஜெண்ட் பிரெண்ட் தன் போனில் எண்களை வைத்துக்கொண்டு கதாகாலட்சேபம் செய்துகொண்டிருந்தார்.

"முதல் சுத்துல ஓட்டக்காரனை எடுக்கவே கூடாதுங்க. மூணு வருஷத்துல முட்டி போயிடும். புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்லுது."

"புள்ளிவிவரம் என்னைக்காவது அடி வாங்கியிருக்கா பிரெண்ட்?" என்றார் நார்ப், முட்டைக்கோஸை மென்றுகொண்டே. "நீ சின்ன வயசுல பந்தைப் பிடிச்சதைவிட உன் கழுத்து டையைப் பிடிச்சதுதான் ஜாஸ்தி."

"எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு" என்றாள் பீர் ஊற்றுகிற டோலி. "பேட்டியில அவங்கம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதான் பாரு."

"அழறதுக்கு ஆள் வேணும்னா நாமளே அறுபதாயிரம் பேர் இருக்கோம் டோலி. அதுக்கு எதுக்கு டிராஃப்ட்?"

மன்றமே சிரித்தது. அந்தச் சமயம் பார்த்து எமில் உள்ளே வந்தார். மேலே அணியின் ஜெர்சி. முதுகில் ஏற்கெனவே ஓர் ஆட்டக்காரனின் பெயர் இருந்தது, நாலு வருஷத்துக்கு முன் இதேபோல் தலையில் தூக்கி வைத்து ஆடி, பிறகு துரத்திவிட்ட ஒருவன். அதன்மேல் பெயின்ட்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒட்டி, மார்க்கரால் பெட்டிகுரு என்று எழுதியிருந்தார் எமில். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது அக்குளுக்குள் போயிருந்தது. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் பெரிய மனிதர் ஒருவர் இப்படி வெளியே வரமாட்டார்.

"வாடா மாப்பிள்ளை" என்றார் நார்ப். "உள்ள ஒரு பொணம், மேல இன்னொரு பொணத்துக்கு இடம் பிடிச்சிட்டியா?"

"நல்லா ஓடறான் நார்ப். நேத்து ராத்திரி அவன் ஆட்டமெல்லாம் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன். எந்தக் கையில பந்தை வைக்கிறான், அதைப் பாத்தியா? எந்தப் பக்கம் ஓடினாலும் உள் கையில, ஓரத்துப் பக்கம் இல்லாம ஆளுங்க வர்ற பக்கத்துக் கையில. அடிக்க வர்றவனுக்குத் தட்டுல வச்சு நீட்டற மாதிரி. கல்லூரிப் பசங்ககிட்ட தப்பிச்சுட்டான். இங்க முதல் ஆட்டத்துலயே பிடுங்கிடுவானுங்க. எழுதி வச்சுக்கோ."

எமில் சிரித்தபடி மீனுக்கு எலுமிச்சை பிழிந்தார். "சொல்லிக் கொடுத்தா கத்துக்குவான்."

இந்தப் பதில்தான் நார்ப்புக்கு ஆகவில்லை. சண்டை போட்டால் அவருக்கு ரொம்ப சந்தோஷம். எதிராளி பிரெண்டைப் போல மூக்குடைபட்டால் அதைவிட சந்தோஷம். இந்த எமில் மட்டும் எத்தனை திட்டினாலும் ஈரத்துணி தீக்குச்சியை அணைக்கிற மாதிரி அணைத்துவிடுகிறார்.

அந்த எரிச்சலோடுதான் திங்கட்கிழமை காலை ரேடியோவுக்குப் போன் போட்டார். ரஸ்டி என்பவன் நடத்துகிற விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சி. ஊரில் யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு அணியைத் திட்டலாம். கடைகளிலும் பட்டறைகளிலும் காலையில் அதுதான் ஓடும். நார்ப் அங்கே பிரபலம். ரஸ்டிக்கு அவர் குரல் கேட்டாலே கொண்டாட்டம்.

பெட்டிகுருவின் கையைப் பற்றி விளாசித் தள்ளினார். ரஸ்டி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு சூடாக இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் விறகு போட வேண்டும் என்று தோன்றியது.

"இந்தப் பையனுக்கும் ஒரு ரசிகன் இருக்கான் ரஸ்டி. என் பக்கத்து சீட்டு எமில். டேப்ல பேர் எழுதி ஒட்டிக்கிட்டுத் திரியறான். எதைக் காட்டினாலும் நல்லா வரும், நல்லா வரும்னுவான். அவன் பொண்டாட்டி குளிருக்குப் பயந்து ஓடினாள்னு நினைச்சியா? இவன் நம்பிக்கையைத் தாங்க முடியாம ஓடினா."

ரஸ்டி மேஜையைத் தட்டிச் சிரித்த சத்தம் ரேடியோவில் கேட்டது. பஸ் டிப்போவில் எமில் டீசல் போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே ரேடியோதான். டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எமில் இருக்கிற திசையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள்.

சாயங்காலம் எமில் கடைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நார்ப், மே மாசம் முடியறதுக்குள்ள சீட்டு புதுப்பிக்கணும். பையனைப் பத்தி என்ன வேணா சொல்லு. மார்லின் பத்திச் சொன்னதை மட்டும், எங்க சொன்னியோ அங்கயே வாபஸ் வாங்கு. இல்லைன்னா செப்டம்பர்ல நீ வர வேண்டாம்."

"அட, தமாஷுக்குச் சொன்னதுடா."

"தெரியும். வாபஸ் வாங்கு."

ஒரு வாக்கியம்தான். உலகத்தில் எத்தனையோ பேர் தினமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சோறு தின்கிறார்கள். நார்ப்புக்கு அது முழு மாதம் பிடித்தது. மே கடைசி வாரம் ஒரு நாள் காலை, ரோஸ்மேரி எதிரே நின்று முறைத்துக்கொண்டிருக்க, போனை எடுத்தார். வெகுநேரம் காக்க வைத்துவிட்டு ரஸ்டி வந்தான்.

"சொல்லுங்க நார்ப். இன்னைக்கு யாரைக் கொல்லப் போறீங்க?"

"யாரையும் இல்ல ரஸ்டி. அன்னைக்கு எமிலோட பொண்டாட்டியைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன்."

ரோஸ்மேரியின் முகம் தெளிந்தது. அதோடு போனை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அவர் வேறு ஆள்.

"அடடா, டேப் எமிலா?" என்றான் ரஸ்டி. "அப்ப அந்தம்மா நிஜமா எதுக்குத்தான் போனாங்க?"

நார்ப்புக்குத் தெரியும், பதில் சொல்லக் கூடாது என்று. நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. முழுங்கப் பார்த்தார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற அந்த இரண்டு விநாடி மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"அரிசோனாவுல வருஷத்துல ஒரு தடவையாவது வெயில் அடிக்கும்ல. எமில் வீட்ல அதுக்கும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

ரஸ்டிக்கு மூச்சு முட்டியது. நார்ப்பும் சிரித்தார். ரோஸ்மேரி எதிரில் இல்லை. பின்கட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. கேவலமான சிரிப்பு ஒன்றுக்காகத் தன் சீட்டை விற்றுவிட்டோம் என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் எமில் கடைக்கு வரவில்லை. நார்ப் இரண்டு முறை பஸ் டிப்போ வரை போய், இறங்காமலே திரும்பினார்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். கடையை நடத்துகிறவர்கள், நடத்தாதவர்கள், மாப்பிள்ளைகள், மாமனார்கள் எல்லோரும் விடியற்காலையிலேயே மைதானத்து வண்டி நிறுத்தத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். நார்ப் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் ரோஸ்மேரி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். டிவியில் தூறல் தெரிந்தது.

இரண்டாம் கால் பகுதியில் பெட்டிகுரு வலது ஓரமாக ஓடினான். பந்து இடது கையில், உள் கையில். ஒரு தடியன் வந்து ஒரே தட்டு. பந்து எகிறி விழுந்து எதிரணி கையில் சேர்ந்தது. மூன்றாம் கால் பகுதியில் மறுபடியும் அதே கை, அதே கதி. நார்ப் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். இத்தனை சுத்தமாக, சொன்னது சொன்னபடி, அவர் வாக்கு என்றும் பலித்ததில்லை. சொல்ல ஆள் வேண்டும். யோசிக்காமல் எமிலுக்குப் போன் போட்டார். கூட்டத்தின் இரைச்சலோடு எமில் எடுத்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் நார்ப்."

"எந்தக் கை?"

"உள் கை."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ சொன்னதேதான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் ஆட்டம் பாக்கறவன்தானே?"

நார்ப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தெரிஞ்சேவா டேப்பை ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சே?"

"நம்ம டீம் தோக்காத மாசம்னா அது ஏப்ரல்லருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் நார்ப். அப்ப ஆட்டமே கிடையாது. அதைக்கூட ஒரு வருஷமும் நீ என்னை அனுபவிக்க விட்டதில்ல. இந்தத் தடவை நல்லா இருந்தேன்."

இரைச்சல் உயர்ந்து அடங்கியது. நார்ப் தொண்டையைச் செருமினார்.

"என் சீட்ல யாரு? அந்த பிரெண்டா?"

"யாரும் இல்ல. மழைக்கோட்டை மடிச்சு வச்சிருக்கேன்."

காத்திருக்கிற கூட்டம் சுடுகாடு வரை நிற்க, சீட்டு சும்மா கிடக்கிறது. நார்ப்பின் நெஞ்சில் சட்டென்று ஓர் ஆசை துளிர்த்தது. அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வேணா..."

"வேண்டாம் நார்ப்" என்றார் எமில், கோபமே இல்லாமல். "கோட்டு நல்லாத்தான் இருக்கு. பேசறதில்ல."

அதற்கு ஒரு பதில் நார்ப்பின் வாயில் தயாராக வந்து நின்றது. ரஸ்டியே மேஜையைத் தட்டிச் சிரித்திருக்கக்கூடிய பதில். எதிர்முனையில் எமில் போனை வைத்துவிட்டிருந்தார்.