மைனஸில் போன அழுத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலிலிருந்து மெட்ராசுக்கு ஆராய்ச்சி செய்யப் போனேன். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. அந்த வேகத்தில் காற்று நெருங்கி அடர்த்தியாகும், சுழிகள் கிளம்பும். அதிர்ச்சி அலை நிற்கும் இடத்தில் அழுத்தம் சட்டென்று எகிறும். புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் துளை அட்டையில் அடித்து, கட்டாகக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுக்க வேண்டும். மறுநாள் அகலத் தாளில் விடை வரும். எனக்கு வந்ததெல்லாம் பிழைதான். அதிர்ச்சி அலையை நெருங்கியதும் அழுத்தம் இருக்கவே முடியாத மைனஸில் போய், கணக்கு நின்றுவிடும்.

கணக்கில் காற்றை மொத்தமாகவே கொஞ்சம் பிசுபிசுப்பாக்கிவிடச் சொன்னார் என் பேராசிரியர். அப்படிச் செய்தால் கணக்கு ஓடும், சுழிகள் செத்துப்போகும். அழுத்தம் எகிறும் இடத்தில் மட்டும் அந்தப் பிசுபிசுப்பைச் சேர்த்துப் பார்த்தேன். ஓடியது. சுழிகளும் அப்படியே இருந்தன. அன்றைக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

அந்த வாரமே அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தகவல் வந்தது. அண்ணன்மாருக்கு லீவு கிடைக்கவில்லையாம். எனக்குக் கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மகள் வரட்டும் என்றார்கள், போனேன். புண்ணில் சீழ் பிடித்து, ஆறுவதற்கு மாதக்கணக்காயிற்று.

திரும்பிப் போனபோது என் அலமாரியில் அட்டைக்கட்டு இல்லை. என்னோடு ஆராய்ச்சி செய்த பக்கத்து மேசைக்காரனிடம் பேராசிரியர் எடுத்துக் கொடுத்திருந்தார். அவன் அதை ஓட்டி, கட்டுரையாக்கி, அது அச்சிலும் வந்துவிட்டது. அவர்கள் இருவர் பெயர்தான் இருந்தது. உள்ளே, அட்டைகளில் விளக்கத்துக்காக நான் அடித்து வைத்திருந்த வாக்கியங்களே அப்படியே கிடந்தன. பேராசிரியரிடம் கேட்டேன்.

"நீ கல்யாணமாகி ஊரோட இருந்துடுவேன்னு நெனச்சோம்மா," என்றார். குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. அடுத்த கட்டுரையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமாம்.

துறைத்தலைவரிடம் போனேன். அட்டையில் யார் கையெழுத்தும் இல்லையே, எப்படி விசாரிப்பது என்று அனுப்பிவிட்டார். பக்கத்து மேசைக்காரன் அமெரிக்கா போனான். நான் கொஞ்ச காலம் இருந்து பார்த்தேன். புதிதாக எதைக் கண்டாலும் பேராசிரியரிடம் காட்டப் பயமாக இருந்தது. கடைசியில் ஊருக்கே வந்து, புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அம்மா தெரிந்தவர் ஒருவரிடம் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எம்மவ படிச்ச படிப்புக்கு எங்கயோ இருக்க வேண்டியவ. என்னய விட்டுட்டு இருக்க மாட்டேன்னு வந்துட்டா."

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவள் உடம்பு என்றைக்கோ தேறிவிட்டிருந்தது.