அனிவத்தை வீட்டின் பூட்டிய அறை

அனிவத்தை மேட்டிலிருக்கும் அந்த வீட்டை வாடகைக்குப் பார்க்க வருபவர்கள் நீச்சல் குளத்தைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். வீரம்மாவுக்கு அங்கே பிடித்தது தன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் ஒன்றுதான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே காம்பரா அறையில் எட்டுப் பேரோடு வளர்ந்தவள் அவள். ஐம்பத்திரண்டு வயதில்தான் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஓர் இடம் கிடைத்தது. வீட்டைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வரைக்கும் அது அவளுடையது. வேலை போனால் மகன் வீட்டு அடுப்படி மூலைதான்.

வீட்டுக்காரி பத்மாதேவி ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய தாய் இந்த வீட்டுக் கீழறையில், அவிட்ட நட்சத்திரத்தில் இறந்துபோனார். அவிட்டத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. அறையைப் பூட்டி வைக்க வேண்டும், மாலையில் விளக்கேற்றுவதைத் தவிர உள்ளே யாரும் புழங்கக் கூடாது. பத்மாதேவிக்குச் சாஸ்திரத்தையும் விட மனமில்லை, வாடகையையும் விட மனமில்லை. இரண்டும் வேண்டுமென்றால் பொய்தான் சொல்லியாக வேண்டும், அதையும் வேலைக்காரியின் வாயால்.

"ஸ்டோர் ரூம் எண்டு சொல்லுங்கோ வீரம்மா. வேற கதை கதைச்சால் உங்களுக்கும் அங்க இடமில்லை" என்றார் தொலைபேசியில்.

அடைப்பின் நான்காம் மாதம் சுகிர்தா வாடகைக்குக் குடிவந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், தாயில்லாதவள், ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் லவனுக்குக் கொழும்பில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவான். அவ்வளவு பெரிய வீட்டில் மற்ற நாளெல்லாம் அவள் ஒருத்தி.

ஒரு கிழமை போனதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீரம்மாவிடம் கேட்டாள்.

"அக்கா, மத்தியானத்தில கீழறைக்குள்ள ஆரோ இருமுற சத்தம் கேக்குது. நீங்களோ?"

வீரம்மாவின் கை நின்றுவிட்டது. அவள் காதிலும் அது விழுந்திருந்தது. ஒரு வருடம் அந்தத் தாயின் இருமலுக்கு மருந்து ஊற்றியவளே அவள்தான்.

"ஆமா மிஸ், நான்தான். உள்ள கூட்டுறப்ப தூசி" என்றாள். சொன்னதும் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்று முதல் சுகிர்தா மத்தியானங்களில் பூட்டிய கதவருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். வீரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். சுகிர்தா ஏதோ சொல்வாள், நிறுத்துவாள், கேட்டுத் தலையாட்டுவாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவாள். போக்கிடம் இல்லாதது நினைவுக்கு வந்ததும் திரும்பிவிடுவாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடிற்று. பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கையில், இனிப் பொறுக்க முடியாது என்று நேராகப் போய்க் கதிரை முன்னால் நின்றாள்.

"மிஸ், உள்ள நான் இல்ல. நான் இங்க நிக்கிறேன். மத்தியானத்தில ஒரு நாளும் நான் உள்ள இருந்ததில்ல."

இறந்தவளையும் அவிட்டத்தையும் தான் சொன்ன பொய்யையும் கொட்டித் தீர்த்தாள். அலறிக்கொண்டு புருஷனைக் கூப்பிடப் போகிறாள், இத்தோடு நம் கதை முடிந்தது என்று காத்து நின்றாள்.

சுகிர்தா கதிரையில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியும் அக்கா. நீங்கள் என்னை மிஸ் எண்டுதானே சொல்லுவீங்கள். உள்ள இருக்கிறவ பிள்ளை எண்டு கூப்பிடுறா." பிறகு, "அடைப்பு எப்ப முடியுது?" என்று கேட்டாள்.

"வார வெள்ளிக்கிழமை. ஐயர் வந்து தெறப்பாரு. அதுக்கப்புறம் அவங்க போயிருவாங்க, பயப்படாதீங்க."

சுகிர்தாவின் முகம் கோணியது. கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"திறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. பிள்ளை பிறக்கேக்க எனக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்?"