இரைகிற ஊசியும் என் கையும்

இசைத்தட்டுப் பெட்டி பழுதுபார்க்கிற தொழிலில், பெட்டியின் இரைச்சலை எப்படியும் நிறுத்திவிடலாம். பெட்டியைக் கொண்டுவருகிறவரின் இரைச்சலை நிறுத்தத்தான் ஸ்க்ரூடிரைவர் கிடையாது. ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "வேற ஆள் இல்லியா?" என்ற கேள்வியைக் கேட்டுப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே சாதி.

அமரவிளையில், ஹைவேயைப் பார்த்த ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது. இசைத்தட்டுக்கு இப்போது மறுபடியும் நல்ல மவுசு. புதுப்பெட்டியை ஆன்லைனில் வரவழைக்கிறார்கள், வந்த மறுவாரம் என்னிடம் தூக்கிவருகிறார்கள். நோய் ஒன்றுதான்: இரைச்சல். பழி விழுவதும் ஒன்றின்மேல்தான்: ஊசியைப் பிடித்திருக்கிற, விரல் நுனியளவான கார்ட்ரிட்ஜ். அதை மாற்றித் தள்ளிவிட்டால் எனக்கு லாபம். ஆனால் பழுதில்லாததை மாற்ற மாட்டேன். அதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்றும் பெயர் உண்டு. இருக்கட்டும்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்குமேல் எங்கள் கிறிஸ்தவ சபைக்காரர்கள். சபையின் செக்ரட்டரி அண்ணன் போன ஆண்டுவிழாவுக்கு முன்பு என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: "ஆண்டுவிழா அண்ணு பெட்டி இரைஞ்சா, பின்ன நம்ம ஆளுக ஒருத்தரும் உன் கடைக்கு வரமாட்டாவ, கேட்டியா?" அந்தக் கதை கடைசியில் வருகிறது. அதற்கு முன் என் அன்றாடத்தைப் பாருங்கள்.

மெக்கானிக் எங்கே?

பாறசாலையிலிருந்து ஒருவர் பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார். நான் கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கிறேன். "மெக்கானிக் எப்பம் வருவாரு?" என்றார். "வந்தாச்சு, இரிங்க" என்றேன். அவர் கண் எனக்குப் பின்னால் தொங்கிய திரைக்குப் போனது. எழுந்துபோய்த் திரையை விலக்கிக் காட்டினேன். அங்கே ஒரு துடைப்பமும் தண்ணீர்க் குடமும்தான் இருந்தன.

ஊசி முனையில் அழுக்கு கட்டியாகப் பிடித்திருந்தது. மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் இழுத்துத் துடைத்தேன். முன்னும் பின்னும் தேய்த்தால் ஊசி வளைந்துபோகும். கரகரப்பு போய்விட்டது. மனிதர் கண்ணை மூடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார், கேட்ட கூலியைத் தந்தார், படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "கொள்ளாம், நல்லா பாடுது. மெக்கானிக் வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு செல்லணும்."

தறியடித் தாளம்

பாலராமபுரத்தில் ஒரு நெசவுக்கார அண்ணன். வேறெங்கோ காட்டி இரண்டுமுறை கார்ட்ரிட்ஜ் மாற்றியும் 'தும் தும்' என்று சத்தம் வருகிறதாம். வீட்டுக்கே போனேன். பெட்டி இருந்தது தறி இருக்கிற அறையில், அதே தரையில். ஊசிக்குத் தட்டின் அசைவும் தரையின் அசைவும் ஒன்றுதான், இரண்டையும் பாட்டாக்கிவிடும். போதாததற்கு, பறக்கிற பஞ்செல்லாம் ஊசியில் தாடியாகத் தொங்கியது.

"அண்ணா, கார்ட்ரிட்ஜுக்கு ஒரு குத்தமும் இல்ல. பெட்டிய தறி இல்லாத அடுத்த முறிக்கு மாத்துங்க" என்றேன். நெய்துகொண்டே கேட்பதற்குத்தானே வாங்கினார்? முகம் கறுத்துவிட்டது. வாதாடிப் பார்த்துவிட்டு, சுவரில் பலகை அடித்துப் பெட்டியைத் தரையிலிருந்து பிரித்தேன், மேலே மூடியும் போட்டேன். சத்தம் முக்கால்வாசி அடங்கியது. மீதி கால்வாசியைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்: "அது கெடக்கட்டு பிள்ளே. இத்தர நாளும் நான் பாட்டுக்குத் தாளம் போட்டேன், இனி அது என் தறிக்குப் பாடட்டு."

சும்மா தொங்கின கம்பி

பெட்டிக்குப் பின்னால், பாட்டு போகிற வயர்களின் பக்கத்தில், மெலிதாக ஒற்றைக் கம்பி ஒன்று தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரில் முறுக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்று பாட்டுக்குமேல் ஒரு முனகல் ஓடும். இது தெரியாதவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது.

திருப்புறத்து மாமா ஒருவர், "பெட்டி 'ம்ம்ம்'னு மூளுது" என்று வந்தார். பின்னால் பார்த்தால் கம்பி இருந்த இடத்தில் ஒரு துண்டுதான் மிச்சம். எங்கே என்று கேட்டேன். சும்மா தொங்கினதே என்று வெட்டியெடுத்துப் பாகற்கொடிப் பந்தலுக்குக் கட்டிவிட்டாராம். அதை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள் என்றதும் மாமாவுக்கு வந்ததே கோபம்: "எம்மோ, நீ வேற கம்பி வச்சுத் தா. அத அவுத்தா பந்தல் சாயும் ஆக்கும்!"

கை

இனி ஆண்டுவிழா. எங்கள் சபையின் பாடகர் குழு முன்னொரு காலத்தில் பாடிப் பதிந்த தட்டை ஆராதனையில் போடவேண்டும். திருவனந்தபுரத்து மெக்கானிக் வரமுடியாது என்றபிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை நான் பெட்டியைத் திறக்கப்போக, செக்ரட்டரி அண்ணன் கமிட்டி முழுவதும் கேட்கச் சொன்னார்: "பிள்ளே, கை வெக்காத. ஆம்பிளைக வரட்டு."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "கை வெக்காம ரிப்பேர் பண்ணுத வரம் எனக்குக் கிட்டல அண்ணா" என்று சொல்லிவிட்டு, கை வைத்தேன். ஊசியைத் துடைத்து, ஒற்றைக் கம்பியை முறுக்கி, போட்டுக் காட்டினேன். முனகலே இல்லை.

ஞாயிறு காலை தட்டைச் சுழலவிட்டார்கள். 'ம்ம்ம்' என்று கோவில் முழுக்க முனகல். பெண்கள் பக்கத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பியைக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். தூணில் குருத்தோலைத் தோரணம் அழகாகத் தொங்குகிறது, என் கம்பியில். அலங்காரக் கமிட்டிக்காரர்களுக்கும் அது சும்மா தொங்கின கம்பிதான்! அதை அவிழ்த்தால் தோரணம் ஆராதனை நடத்துகிற ஐயர் தலையில் விழும்.

யோசிக்க நேரமில்லை. ஒரு கையை ஊசிக்கோல் நிற்கிற உலோக அடியில் வைத்தேன், மற்றக் கையை ஆம்ப்ளிஃபயர் உடம்பில் வைத்தேன். கம்பி செய்கிற வேலையை மனித உடம்பும் செய்யும். முனகல் நின்றது. பாட்டு தெளிந்து வந்தது. முன்வரிசையில், அந்தத் தட்டில் பாடிய அம்மச்சி ஒருத்தி தன் குரலோடு தானே சேர்ந்து பாடத் தொடங்கினாள்.

அப்போது செக்ரட்டரி அண்ணன் பதறிக்கொண்டு வந்து என் காதில் சீறினார்: "செல்லியாச்சுல்லா? கை எடு!"

எடுத்தேன், இரண்டு கையையும். 'ம்ம்ம்ம்' என்று முனகல் முழங்க, மொத்தச் சபையும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தது. ஐயரும் பார்த்தார். திரும்பக் கை வைத்தேன், அடங்கியது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை ஆராதனையில் வைத்து அனுபவித்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் அனுபவித்தேன். அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை என் பக்கத்திலேயே நின்று கெஞ்சினார்: "பொன்னு மோளே, கை எடுத்திராத!"

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: பெட்டியின் இரைச்சல் கை வைத்தால் அடங்கும், ஊரின் இரைச்சல் ஒருதரம் கையை எடுத்துக் காட்டினால்தான் அடங்கும்.