மண்ணுக்கு ஒரு பரீட்சை

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மற்ற பிள்ளைகள் கிணற்றில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த விவசாயப் பண்ணைக்குப் போய்வந்தேன். பத்து நாள் கோடைப் பயிற்சி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் பேர் கொடுத்தேன். ஊரெல்லாம் பருத்தி இடுப்பளவு நிற்க, எங்கள் பிஞ்சைக் காட்டில் மட்டும் முழங்காலைத் தாண்டாது. ஏனென்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது.

மூன்றாம் நாள், அவரவர் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார் பயிற்சி கொடுத்த சார். ஐந்து இடத்தில் குழி பறித்து, ஒன்றாகக் கலந்து, அரைக்கிலோ. மதியம் வீடு திரும்பியதும் உச்சி வெயிலில் தோண்டி, துணிப்பையில் கட்டி, பேர் எழுதி வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தேன். மறுநாள் பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்தேன்.

கடைசி நாள் முடிவு சொன்னார்கள். "வந்ததுலயே இதுதாம்மா நல்ல மண்ணு. ஒண்ணும் போட வேண்டாம், வெதச்சாலே போதும்" என்று சார் என் பையை அவிழ்த்துக் காட்டி, முடிவு எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பைக்குள் கன்னங்கரேலென்று கரிசல். எங்கள் மண்ணோ வெள்ளை பூத்த களர்.

"சார், இது எங்க மண்ணே இல்ல" என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மறுபடி சோதிக்க முடியுமா என்று கெஞ்சினேன். இனி அடுத்த வருஷந்தான் என்றார். அடுத்த வருஷம் வேறு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். போச்சு, எல்லாம் போச்சு.

வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா கேட்டார்: "எத்தன மார்க்கு தாயி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பைல இருந்த மண்ண மாத்துனது நீங்கதானா?"

"மண்ணுக்குப் பரீட்சைன்னு நீதான சொன்ன? நம்ம களர அனுப்புனா பெயிலாயிருமேன்னுதான்..."

பரிசோதனை என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அப்பா காதில் அது பரீட்சையாக விழுந்திருக்கிறது!

"யாரு மண்ணு அது?"

"பெரியப்பா பிஞ்சைது."

பாகம் பிரித்தபோது கரிசல் பெரியப்பாவுக்கும் களர் எங்களுக்கும் விழுந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

"திருடுனீகளா?"

"சேச்சே. வீட்டுக்குப் போயிக் கேட்டேன். பிள்ளைக்கு ஒரு பை மண்ணு வேணும்னேன். அவுகளே கூட வந்து அள்ளிப் போட்டாக."

"கேட்டதுதான் கேட்டீக, ஒரு வண்டியாக் கேட்டிருக்க வேண்டியதுதான!" என்று கத்தி, அட்டையை அவர் காலடியில் எறிந்தேன். அப்பா குனிந்து எடுத்து, தூசி தட்டி, மாடத்தில் வைத்தார்.

அந்த வாசலில் போய் நின்று, அந்த மண்ணையே கேட்க அப்பாவுக்கு எப்படி வாய் வந்தது என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. பத்து நாள் வீணாய்ப் போனதே என்றுதான் அன்று முழுக்க அழுதேன்.